கயாக்கா, வாஆவா? வேலூரில் துடுப்பெடுக்க நினைக்கும் மாற்றுத்திறனாளிக்கு எந்தப் படகு

முதுகுத்தண்டு முறிந்தவர்களை வேலூர் நன்றாக அறியும். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், அதன் பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அறுவைச் சிகிச்சை செய்தவர். அவர் முயற்சியால் உருவான மறுவாழ்வு நிலையம் 1966இலிருந்து பாகாயத்தில் இயங்குகிறது. தென்னையிலிருந்து விழுந்தவர், பைக் விபத்தில் அடிபட்டவர் என்று எங்கெங்கிருந்தோ வந்து, இங்கே நாற்காலி ஓட்டக் கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அந்தக் கைகளுக்கும் தோள்களுக்கும் பாரா கனோ என்கிற, மாற்றுத்திறனாளிகளுக்கான படகுப் போட்டியைப் போலப் பொருந்தும் விளையாட்டு வேறு இல்லை என்பது என் கட்சி. சிக்கல், எந்தப் படகில் ஏறுவது என்பதில்தான் தொடங்குகிறது.

இந்தப் போட்டியில் படகு இரண்டு வகை. கயாக், இரு முனையிலும் அலகுள்ள துடுப்பால் வலமும் இடமும் மாற்றி மாற்றி வலிப்பது. வாஆ, பசிபிக் தீவுகளிலிருந்து வந்தது. இதற்கு ஓர் அலகுத் துடுப்பு. படகின் ஒரு பக்கத்தில் இரண்டு குறுக்குக் கைகளால் இணைத்த மிதவை ஒன்றும் கூடவே போகும். இரண்டிலும் ஒருவர்தான் ஏறுவார். தூரமும் ஒன்றுதான், நேர்கோட்டில் 200 மீட்டர். வேகத்தில் கயாக்தான் முந்தும். உடற்குறை மிகக் குறைந்த ஆண்கள் பிரிவில் ஏறத்தாழ 40 விநாடியில் பந்தயமே முடிந்துவிடும்.

பார்த்தவுடன் எல்லோரும் வாஆவைத்தான் கை காட்டுவார்கள், மிதவை இருக்கிறதே என்று. பாதி சரி. மிதவை உள்ள பக்கம் சாய்ந்தால் அது தாங்கும். எதிர்ப்பக்கம் சாய்ந்தாலோ மிதவை நீரைவிட்டு எழும்பிப் படகு புரண்டுவிடும். முதல் மாதத்து நடுக்கத்தைப் போக்க வாஆ உதவும் என்பதை மறுக்க மாட்டேன். அதே சமயம், பாரா போட்டிக்கான கயாக் குறைந்தது 50 செ.மீ. அகலம் இருக்க வேண்டும் என்பது விதி. ஒலிம்பிக்கில் பார்க்கும் ஊசி போன்ற படகை நினைத்து யாரும் மிரள வேண்டியதில்லை.

எனக்கு வாஆவின் மீதுள்ள தயக்கம் வேறு. அதற்குச் சுக்கான் கிடையாது. வலப்பக்கம் துடுப்பு வலித்தால் படகு இடப்பக்கம் ஓடப் பார்க்கும். ஒவ்வொரு முறை வலித்து முடிக்கும்போதும் துடுப்பைத் திருப்பி அதை இழுத்துப் பிடிக்க வேண்டும், அல்லது பக்கம் மாற்ற வேண்டும். 200 மீட்டரில் இரண்டுமே நேரத்தைத் தின்னும். போதாததற்கு, முன்னால் குனிந்து நீரைப் பற்றி உடலை நிமிர்த்தும் அசைவுக்கு வயிறும் இடுப்பும் ஒத்துழைக்க வேண்டும். உட்கார வைத்தால் தானே நிமிர்ந்திருக்க முடியாத ஒருவருக்கு, நிலையாக மிதக்கும் படகு கிடைத்தும் அதை நேராக ஓட்டுவது பெரும்பாடாகிவிடும். கயாக்கில் இருபுறமும் சமமாகத் துடுப்பு வலிப்பதால் திசை தானாகவே ஓரளவு சரிப்படும். கால் அசையாதவர்கள் சுக்கானை நேராகப் பூட்டிவிட்டே ஓட்டலாம்.

அடுத்தது வகைப்பாடு. தேர்வு உண்மையில் முடிவாகும் இடம் இதுதான். கயாக்கில் கேஎல்1, கேஎல்2, கேஎல்3 என்றும் வாஆவில் விஎல்1, விஎல்2, விஎல்3 என்றும் பிரிவுகள் உண்டு. 1 என்றால் உடம்பின் நடுப்பகுதிக் கட்டுப்பாடு மிகக் குறைவு அல்லது அறவே இல்லை. 3 என்றால் நடுப்பகுதி முழுமையாக இயங்கும், காலில்தான் குறை. 2 இரண்டுக்கும் இடைப்பட்டது. கயாக்கில் கால் உதைப்புக்கும் பங்கு இருப்பதால் ஒரே ஆள் இரண்டு படகிலும் ஒரே எண் பெற வேண்டும் என்பதில்லை. ஆப்கானிஸ்தானில் குண்டுவெடிப்பில் இரு கால்களையும் இழந்த ஆஸ்திரேலிய வீரர் கர்டிஸ் மெக்ராத் கயாக்கில் கேஎல்2, வாஆவில் விஎல்3. டோக்கியோ பாராலிம்பிக்கில் இரண்டிலும் தங்கம் வாங்கினார். கை விரல்களில் மட்டும் குறை உள்ளவர்களுக்கு இந்த விளையாட்டில் இடமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கால், உடலின் நடுப்பகுதி இரண்டை மட்டுமே சோதிக்கிறார்கள்.

பாராலிம்பிக் வாசல் எப்படித் திறக்கிறது என்று பாருங்கள். 2016 ரியோவில் பாரா கனோ முதன்முறையாக நுழைந்தபோது கயாக் மட்டும்தான், ஆறு பந்தயங்கள். அதுவரை வாஆவில் வென்றுகொண்டிருந்த மெக்ராத், ரியோவில் அது இல்லை என்று தெரிந்ததும் கயாக்குக்கு மாறித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வாஆவுக்கு மூன்று பந்தயங்கள் கிடைத்தன, 2024 பாரிஸில் அது நான்காயிற்று. நான்கும் விஎல்2, விஎல்3 தான். விஎல்1 பாராலிம்பிக்கில் இல்லவே இல்லை. மத்தியப் பிரதேசத்தின் பூஜா ஓஜா 2022இல் ஹாலிஃபாக்ஸ் உலகப் போட்டியில் விஎல்1இல் வெள்ளி வென்றவர். பாரிஸ் போக வேண்டும் என்றபோது அவர் கேஎல்1 கயாக்கில்தான் இறங்கினார். நெஞ்சுக்குக் கீழே கட்டுப்பாடு இல்லாதவருக்கு யாராவது வாஆவைப் பரிந்துரைத்தால் இந்தச் செய்தியைச் சொல்லிக் கேளுங்கள்.

குவாலியரின் பிராச்சி யாதவ் கதை இன்னொரு பக்கம். நீச்சலிலிருந்து படகுக்கு வந்தவர், டோக்கியோவிலும் பாரிஸிலும் விஎல்2 இறுதிக்குப் போய் எட்டாம் இடம். 2023இல் நடந்த ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில் கயாக்கில் தங்கம், வாஆவில் வெள்ளி. இடுப்பில் கொஞ்சம் பிடி உள்ளவர்கள் இரண்டையும் கற்பதால் இழப்பது ஒன்றுமில்லை.

உடம்பைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நாற்காலி ஓட்டியே தோள்வலி வந்தவர்கள் நம்மூரில் ஏராளம். ஒரே பக்கம் துடுப்பு போடும் வாஆ அதைச் சீண்டும், முதுகு கோணியவர்களுக்குக் கூடுதல் தொல்லை. ஆகவே இதிலும் நான் கயாக் பக்கம்தான். உணர்வில்லாத இடத்தில் புண் வருவதற்கு இரண்டும் ஒன்றே, கடினமான இருக்கையில் மெத்தை வைத்தே ஆக வேண்டும். கால்களைப் பட்டையால் கட்டினால், புரண்டதும் ஓர் இழுப்பில் அவிழும்படி கட்ட வேண்டும். நீச்சல் பழகாமல் எந்தப் படகிலும் ஏறக் கூடாது. வேலூர் வெயிலை எப்படி மறப்பது? முதுகுத்தண்டில் மேலே அடிபட்டவர்களுக்கு வியர்வை சரியாக வராது, உடல் சூடு இறங்காது. சித்திரை வைகாசியில் பயிற்சி என்றால் விடியற்காலையோடு முடித்துவிடுவது நல்லது.

தண்ணீருக்கு எங்கே போவது? கோட்டை அகழி எல்லோருக்கும் முதலில் தோன்றும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், சுற்றிலும் கல் சுவர். நாற்காலியை நீர்மட்டம் வரை இறக்குவது பற்றி யோசித்தாலே ஆசை அடங்கிவிடும். வட ஆற்காட்டின் பெரிய ஏரியான காவேரிப்பாக்கத்தில் பரப்புக்குக் குறைவில்லை. பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே நீர் வருகிறது, வடகிழக்குப் பருவமழை பொய்க்காத ஆண்டில் தளும்பும். ஆனால் கோடையில் நீர் பின்வாங்கினால் கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே சேறு, அதில் சக்கரம் புதையும். திறந்த வெளியில் பக்கக் காற்றடித்தால், சுக்கானில்லாத வாஆ கோணலாகப் போகும். ஏலகிரியின் புங்கனூர் ஏரியில் படகுத்துறை இருக்கிறது, மேலே குளிர்ச்சியும் உண்டு. ஆனால் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். போட்டி விதிப்படி வாஆ 7.3 மீட்டர் வரை நீளலாம், கயாக் 5.2 மீட்டர் வரை. மிதவையைக் கழற்றிப் போட்டாலும் அந்த நீளத்தைக் குட்டி யானையில் கட்டி வளைவேற்றும் டிரைவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். கயாக்கை ஜீப்பின் கூரையில் கட்டிக்கொண்டு போய்விடலாம். எடையில் பெரிய வித்தியாசமில்லை, போட்டிக் கயாக் குறைந்தது 12 கிலோ, வாஆ 13 கிலோ.

ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரே ஒரு படகுதான் வாங்க முடியும் என்றால், கயாக்கை வாங்குங்கள். தொடக்கப் பயிற்சிக்கு இரு பக்கமும் சிறு மிதவைகளைக் கட்டிக்கொள்ளலாம், தைரியம் வந்ததும் கழற்றிவிடலாம். இரண்டாவது படகுக்குப் பணம் சேர்ந்தால் வாஆ. அதை முதலில் கொடுக்க வேண்டியது ஒரு காலை இழந்து, இடுப்பு முழு வலுவோடு இருப்பவருக்கு. இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர்களில் நடுப்பகுதி வலுவானவர்களும் அதே வரிசையில் வருவார்கள். இரண்டில் எதை வாங்கினாலும், நாற்காலி நீர் வரை இறங்கச் சரிவுப் பாதையும் ஏற்றி இறக்க இரண்டு பேரும் வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.