1,450 ரூபாய் பையும் குரங்கணி ஏற்றமும்

மலையேறத் தூக்கிப்போன இந்த முதுகுப்பையின் துணிக்கு நாலு நட்சத்திரம், தைத்த நூலுக்கு ஒன்று. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு கடைக்குப் போகலாம். ஆனால் வாங்கிய கையோடு அந்தப் பையைச் செருப்பு தைப்பவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், ஏன் என்று கீழே வருகிறது.

50 லிட்டர் பை, மதுரை ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கடையில் வாங்கியது. 1,800 சொன்னார்கள், பேசி 1,450க்கு இறக்கினேன். கம்பெனி பெயர் போடவில்லை, போட்டும் பிரயோஜனம் இல்லை, இதே பையை நாலு கடையில் நாலு ஸ்டிக்கரோடு பார்த்தேன். தெரிந்த கம்பெனிப் பை வாங்கலாமே என்றால், மூன்று நாளுக்குச் சாப்பாடு, தங்கல், பஸ், வழிகாட்டி பங்கு எல்லாம் சேர்த்து நான் ஒதுக்கியதே 4,000. பைக்கே அதைக் கொடுத்துவிட்டு மலையை யூடியூபில் பார்க்க வேண்டியதுதான்.

திட்டம் சாதாரணமானது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில், அங்கிருந்து மலையடிவாரக் கிராமமான குரங்கணிக்கு பஸ், மறுநாள் கொட்டகுடி ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி மலைமேல் இருக்கிற டாப் ஸ்டேஷன் என்ற ஊருக்கு ஏறி, ஒரு ராத்திரி தங்கி, மூணாறு வழியாகப் போடிமெட்டு இறங்கி வீட்டுக்கு. வந்த வழியே திரும்பாததால் எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் ஏறியாக வேண்டும், ரூமில் பையைப் போட்டுவிட்டுக் கைவீசி நடக்கிற கதை இல்லை. பக்கத்துப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 11 கிலோ. கடைக்காரர் கிலோ பதினாலு ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

போடி ரயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அகலப்பாதை வேலை என்று பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் மூடிக் கிடந்த தடம், 2023 ஜூனில்தான் போடி வரைக்கும் மறுபடி வண்டி விட்டார்கள். டிக்கெட் விலை இரண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட் சாப்பிடுகிற காசு. ஆண்டிபட்டிக் கணவாயை வண்டி தாண்டும்போது ஜன்னல் சீட்டில் இருந்தால் போதும், பாதி டூர் முடிந்த திருப்தி வந்துவிடும். பையும் மேலே சாமான் வைக்கும் தட்டில் அடங்கி உட்கார்ந்தது. அதுவரை மாப்பிள்ளை மாதிரி மரியாதையாகத்தான் இருந்தது.

குரங்கணியில் வழிகாட்டி அண்ணன் முதல் வேலையாகப் பையைத் திறக்கச் சொன்னார். வனத்துறை அனுமதியோடு, உள்ளூர் ஆள் துணையோடுதான் போகிறோம், அப்புறம் என்ன சோதனை என்று என் நண்பனுக்குக் கோபம். அவர் ஒன்றும் பேசாமல் குட்டி கேஸ் அடுப்பு, தீப்பெட்டி, லைட்டர் மூன்றையும் எடுத்து ரூம்காரரிடம் கொடுத்துவிட்டார். 2018 மார்ச் 11ஆம் தேதி காட்டுத்தீயில் மாட்டி 23 உயிர் போன மலை இது. அந்தக் காய்ந்த புல் சரிவு எந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார், அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் போனது டிசம்பர், எங்கே தொட்டாலும் ஈரம், ஆனாலும் அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பிப்ரவரி பாதிக்கு மேல் தீக்காலம் என்று மலையேற்றத்தையே நிறுத்திவிடுவார்கள், அதைப் பார்த்துத் தேதி போடுங்கள். எப்படியோ, பை ஒரு கிலோ இளைத்தது.

இப்போது பை. முதல் அரைமணி நேரம் தோள் பிய்ந்துபோகும் வலி. காபிச் செடிகளுக்கு நடுவே ஒரு திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கும்போது அண்ணன் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, பைய முதுகுல தூக்காதீங்க, இடுப்புல தூக்குங்க" என்றார். நான் இடுப்புப் பட்டையைப் பேண்ட் பெல்ட் மாதிரி தளர்வாகக் கட்டியிருந்தேன். அதை இடுப்பெலும்புக்கு மேலே ஏற்றி, இறுக்கி, பிறகு தோள் வாரைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். அவ்வளவுதான், பாரம் தோளிலிருந்து இறங்கிக் காலுக்குப் போய்விட்டது. இந்த விலைப் பையில் இடுப்புப் பட்டைக்குள் இருக்கிற பஞ்சு மெல்லியதுதான், மதியத்துக்குள் தட்டையாகிவிட்டது, ஆனாலும் பட்டை வழுக்கவில்லை, பக்கிள் நின்றது. வெறும் நாடாவை இடுப்புப் பட்டை என்று சொல்லி விற்கிற பைகளும் அதே கடையில் தொங்குகின்றன, 300 ரூபாய் குறைவு, அதை வாங்கிவிடாதீர்கள். பை கடையில் இருக்கும்போதே உள்ளே பத்து கிலோ எதையாவது போடச் சொல்லி மாட்டிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

ஏறுகிற வழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்கிற இடத்தைத் தாண்டி ஒரு மணி நேரம் இருக்கும். ஒரு பாறையில் பையை இறக்கிவைத்து மறுபடி ஒரு கையால் தூக்கினேன், 'சரக்' என்று ஒரு சத்தம். இடது தோள் வார் முதுகோடு சேரும் இடத்தில் தையல் பிரிந்து, பாதி வார் கையோடு வந்துவிட்டது. துணி கிழியவில்லை, நூல்தான் விட்டது. அண்ணன் தன் பையிலிருந்து நைலான் கயிறு எடுத்து, மேல் கைப்பிடியையும் வாரையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டார், ஏலக்காய் மூட்டை கட்டுகிற முடிச்சாம். மீதி ஏற்றம் முழுக்க அந்த முடிச்சு தாங்கியது, கோணலாகத்தான், ஆனால் தாங்கியது.

முடிச்சுப் போடும் நேரத்தில்தான் நான் கீழே பள்ளத்தாக்கைச் சரியாகப் பார்த்தேன். இந்த ஸ்டேஷன் பெயர்களெல்லாம் சும்மா வந்தவை இல்லை. மூணாறு எஸ்டேட் தேயிலைக்காக 1902இல் குண்டளப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடு கட்டி இழுத்திருக்கிறார்கள், 1908இல் அதைக் குறுகிய ரயில்பாதையாக மாற்றினார்கள். தேயிலைப் பெட்டி டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வரும், அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு நேரே கொட்டகுடிக்கு இறங்கும், பிறகு மாட்டு வண்டியில் போடி. 1924 வெள்ளம் ரயிலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம். அன்றைக்குத் தேயிலை கயிற்றில் சொகுசாக இறங்கிய அதே சரிவில் நான் பத்து கிலோவைக் கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறுகிறேன்.

டாப் ஸ்டேஷன் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. 'வாட்டர் புரூஃப்' என்று கடையில் சத்தியம் செய்தார்களே, அது பாதி உண்மை. துணியில் தண்ணீர் உருண்டு ஓடியது, ஜிப் வழியாகவும் தையல் வழியாகவும் உள்ளே வந்தது. மழை உறை இந்தப் பையோடு வராது. என் துணிமணி தப்பியதற்குக் காரணம் அம்மா எல்லாவற்றையும் பழைய ஜவுளிக்கடைக் கவரில் சுற்றி வைத்திருந்தது. நண்பனின் ஸ்லீப்பிங் பேக் பிழிகிற பதத்தில் இருந்தது, ராத்திரி என் போர்வையில் பாதி போயிற்று.

மதுரை திரும்பியதும் கடைக்குப் போனேன். "மலைக்கெல்லாம் கொண்டுபோனா எப்டிண்ணே, இது டூர் பேக்கு" என்றார். அவர் தலைக்கு மேலே தொங்கிய போஸ்டரில் ஒருத்தன் இதே பையை மாட்டிக்கொண்டு பனிமலை உச்சியில் நிற்கிறான். அதைக் காட்டினேன், அவரும் திரும்பிப் பார்த்தார், "அது படம்ணே" என்றார். பணம் திரும்ப வராது என்று புரிந்தது.

பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்பு தைக்கும் ஐயாதான் பையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, துணி நல்ல துணி, நூல்தான் மட்டம் என்றார். இரண்டு தோள் வாரிலும் மேலே பெருக்கல் குறி மாதிரி குறுக்குத் தையல், இடுப்புப் பட்டை சேரும் இடத்தில் இரட்டைத் தையல், எல்லாம் மெழுகு போட்ட தடித்த நூலில், 80 ரூபாய். போன மாதம் அதே பையில் 12 கிலோ போட்டு அழகர்மலையில் நூபுர கங்கை வரை ஏறி இறங்கினேன், ஒரு நூல்கூட அசையவில்லை.

ஆக மொத்தம் பை 1,450, தையல் 80, தனியாக வாங்கிய மழை உறை 220. இந்த 1,750க்கு மேலே ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.