கியூகம்பர் ரிப்போர்ட்ஸ்: பேசுவதற்கு ஏற்றது, பேணுவதற்குப் போதாது

ஒரு மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சாதாரண வாக்கியங்களில் எழுதி, அந்த வாக்கியங்களையே சோதனைகளாக ஓட்டிப் பார்க்கும் முறையில் வேலை செய்பவர்களுக்கு நெடுநாளாக ஒரு சங்கடம் உண்டு. எழுதிய விவரக்குறிப்புகள், நிரலாளர்கள் நிரலைச் சேமித்து வைக்கும் களஞ்சியத்தில் ஏதோ ஒரு கோப்புறைக்குள் கிடக்கும். அவற்றைப் படித்து, "ஆம், எங்களுக்கு வேண்டியது இதுதான்" என்றோ "இந்த இடம் சரியில்லை" என்றோ சொல்ல வேண்டியவர்களுக்கு அந்தக் களஞ்சியத்தைத் திறக்கும் அனுமதியே இருக்காது. யாருக்காக எளிய மொழியில் எழுதப்பட்டதோ அவர்கள் கண்ணிலேயே அது படாமல் போய்விடுகிறது. இந்த இடைவெளியை நிரப்ப வந்த கருவிகளில் ஒன்றுதான் கியூகம்பர் ரிப்போர்ட்ஸ் என்ற இணையச் சேவை.

இத்தகைய வாக்கியங்களைச் சோதனைகளாக ஓட்டும் கருவியான கியூகம்பர், 2008இல் ஆஸ்லாக் ஹெலஸோய் ரூபி என்ற நிரல்மொழியில் தொடங்கிய திறமூலத் திட்டம். இன்று ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளிலும் அது கிடைக்கிறது. சோதனைகளை ஓட்டும்போது 'பப்ளிஷ்' என்ற விருப்பத்தைச் சேர்த்துவிட்டால், ஓட்டம் முடிந்ததும் முனையத்திரையில் ஓர் இணைப்பு வந்து நிற்கும். அதை யாருக்கு அனுப்புகிறோமோ அவர் உலாவியில் திறந்து படிக்கலாம். இரு தரப்பிலும் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, எதையும் நிறுவ வேண்டியதில்லை. பகிர்வதில் இவ்வளவு குறைந்த தடை இருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனெனில் விவரக்குறிப்பைப் படிக்கச் சொல்லும்போது எதிர்த்தரப்பில் இருப்பவர் பெரும்பாலும் வேறு வேலையின் நடுவில் இருப்பவர். கடவுச்சொல் கேட்டால் அவர் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்.

விவரக்குறிப்பில் ஒரு குறிப்பிட்ட சூழலில் என்ன நடக்க வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லும் பகுதிக்குக் காட்சி என்று பெயர். பக்கத்தின் மேற்பகுதியில் எத்தனை காட்சிகள் தேறின, எப்போது ஓடியது, எவ்வளவு நேரம் எடுத்தது, எந்த இயங்குதளம், கியூகம்பரின் எந்தப் பதிப்பு ஆகியவை சுருக்கமாக இருக்கின்றன. அதன் கீழே தேடல் பெட்டி, அதற்கும் கீழே விவரக்குறிப்புக் கோப்புகளின் பட்டியல். முழுமையாகத் தேறிய கோப்புகள் மூடியே இருக்கும். தோற்றவையும், இன்னும் நிரல் எழுதப்படாத படிகளைக் கொண்டவையும் தாமாகவே விரிந்திருக்கும். இந்த முடிவை எடுத்தவர் பயனரின் மனத்தை நன்கு அறிந்தவர் என்றே நினைக்கிறேன். பார்க்க வருபவர் முதலில் தேடுவது நிறைவேறாததைத்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. நிரலே இன்னும் எழுதப்படாத நிலையிலும் விவரக்குறிப்பை மட்டும் எழுதி ஓட்டிவிடலாம். அப்போது படிகளெல்லாம் 'வரையறுக்கப்படாதவை' என்ற அடையாளத்தோடு, விரிந்த நிலையில், படிப்பதற்கு வசதியாக வந்து அமர்கின்றன. ஆகவே இதைச் சோதனை முடிவுகளின் பலகையாக மட்டும் பார்க்காமல், வேலை தொடங்கும் முன் எல்லாரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசுவதற்கான ஏற்பாடாகவும் பயன்படுத்தலாம். என் பார்வையில் இக்கருவியின் மிகச் சிறந்த பயன் இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. கடவுச்சொல்லை மாற்றுவதற்காக அனுப்பப்படும் இணைப்பு 30 நிமிடங்களில் காலாவதியாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விவரக்குறிப்பில் ஒரு காட்சி வார்ப்புருவும் (வெவ்வேறு மதிப்புகளை இட்டு ஓட்டக்கூடிய காட்சி) அதன் கீழ் அந்த மதிப்புகளின் அட்டவணையும் இருக்கும். இணைப்பு அனுப்பி 29 நிமிடங்கள் கழித்துத் திறந்தால் ஏற்கப்படும், 31 நிமிடங்கள் கழித்துத் திறந்தால் மறுக்கப்படும் என்று இரண்டு வரிகள். கோப்பில் செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்டுக் கிடக்கும் இவை, இங்கே முறையான அட்டவணையாக, ஒவ்வொரு வரிக்கும் அதனதன் முடிவோடு தெரிகின்றன. இரண்டுமே பச்சை, அதாவது தேறியவை. நிரலாளர் அத்துடன் நகர்ந்துவிடுவார். ஆனால் பயனர்களின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் ஒருவர் அதே அட்டவணையைப் பார்த்தால், சரியாக 30ஆவது நிமிடத்தில் என்ன நடக்கும் என்று கேட்பார். இரண்டாவது இணைப்பு கேட்டு வாங்கிய பிறகு முதல் இணைப்பு செல்லுமா என்றும் கேட்பார். இந்தக் கேள்விகள் எந்தச் சோதனைக் கருவியும் தானாக எழுப்பாதவை. அட்டவணை அவர் கண்முன் தெளிவாக இருந்தால் மட்டுமே பிறப்பவை.

தேடல் பெட்டியும் பாராட்டுக்குரியது. சொற்களை இட்டுத் தேடுவதோடு, காட்சிகளுக்கு இடப்பட்ட குறிச்சொற்களைக் கொண்டும் தேடலாம். இந்தக் குறிச்சொல் இருக்க வேண்டும், அந்தக் குறிச்சொல் இருக்கக் கூடாது என்று சேர்த்துக் கேட்பதும் முடியும். பல நூறு காட்சிகள் கொண்ட திட்டத்தில், பணம் திருப்பித் தருவது தொடர்பானவற்றை மட்டும் ஒருவருக்குக் காட்ட வேண்டும் என்றால் இது பெரும் உதவி. ஆனால் குறிச்சொற்களை ஒழுங்காக இட்டிருந்தால்தான் இதெல்லாம் பலன் தரும்.

விவரக்குறிப்புகளை எழுதக் கியூகம்பர் பயன்படுத்தும் ஜெர்கின் என்ற இலக்கணம் 70க்கும் மேற்பட்ட பேச்சுமொழிகளை ஏற்கிறது. தமிழும் அவற்றில் ஒன்று. கோப்பின் முதல் வரியில் மொழியை அறிவித்துவிட்டு அம்சம், காட்சி, பின்னணி, எப்போது, அப்பொழுது என்று தமிழிலேயே எழுதலாம். தமிழில் பேசி முடிவெடுக்கும் குழு, எடுத்த முடிவை ஆங்கிலத்துக்கு மாற்றாமலே பதிவு செய்ய இது வழி தருகிறது.

இனி குறைகள். கணக்கு இல்லாமல் பதிவேற்றிய அறிக்கை 24 மணி நேரத்தில் தானாகவே அழிந்துவிடும். மின்னஞ்சலில் இணைப்பை அனுப்பி, இரண்டு நாள் கழித்துப் பெற்றவர் திறந்தால் அங்கே ஒன்றும் இருக்காது. கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தின் கணக்கு வழியே உள்நுழைந்து, அறிக்கைகளுக்கு ஒரு தொகுப்பை உருவாக்கி, அதற்குரிய டோக்கனை (அடையாளக் குறியீட்டை) சோதனை ஓடும் கணினியின் சூழல் மாறியில், அதாவது நிரல்கள் படிக்கும் அமைப்பு மதிப்பில், வைத்தால் அறிக்கைகள் நிலைத்திருக்கும். ஒருமுறை செய்தால் போதும் என்பதால் முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

அதைவிடப் பெரிய குறை, வாசிப்புக்கு வரிசை இல்லாமை. கோப்புகள் தத்தம் பாதைப் பெயரோடு பட்டியலாக நிற்கின்றன. புதிதாக வருபவர் எதை முதலில் படிக்க வேண்டும், எது எதைச் சார்ந்தது என்று சொல்வதற்கு இடமே இல்லை. முன்பு இதே வேலையைச் செய்த ரெலிஷ் என்ற சேவையில், ஒரு சிறிய வழிகாட்டிக் கோப்பை வைத்து உள்ளடக்கத்தை நாமே வரிசைப்படுத்த முடிந்தது. பதிப்பு வாரியாகத் தனித்தனியே வைக்கவும் முடிந்தது. ஆர்ஸ்பெக் என்ற ரூபிச் சோதனைக் கருவியின் ஆவணங்கள் பல ஆண்டுகள் அவ்வாறுதான் வாசிக்கப்பட்டன. அங்கே விவரக்குறிப்பு ஒரு நூலைப் போல இருந்தது. இங்கே அது அன்றைய ஓட்டத்தின் பதிவாக மட்டுமே இருக்கிறது. போன மாதம் இந்த நடத்தை எப்படி எழுதப்பட்டிருந்தது, இன்று என்ன மாறியிருக்கிறது என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வழியில்லை. காட்சிக்குப் பக்கத்திலேயே கருத்து எழுதும் வசதியும் இல்லாததால், மேலே சொன்ன 30ஆவது நிமிடக் கேள்வி வேறெங்கோ ஓர் அரட்டைச் செயலியில் கேட்கப்பட்டு அங்கேயே புதைந்துபோகும்.

வரிசை இல்லாத குறையை ஓரளவு ஈடுகட்ட ஒரு வழி உண்டு. ஒவ்வொரு அம்சத்தின் தலைப்புக்குக் கீழும் விளக்கம் எழுத ஜெர்கின் இடம் தருகிறது. மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவமைப்பு முறையில் எழுதினால் பக்கத்தில் அது அழகாகவே தெரியும். இந்த விதி ஏன் வந்தது, யாருக்காக வந்தது என்று அங்கே நான்கு வரி எழுதுபவர்கள் மிகக் குறைவு. எழுதினால் வாசிப்பவரின் சிரமம் பாதியாகும்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பதிவேற்றப்படுவது வாக்கியங்கள் மட்டுமல்ல. அட்டவணையில் உள்ள தரவுகள், தோற்ற படியின் ஸ்டாக் ட்ரேஸ் (பிழை நிரலின் எந்த வரிகள் வழியே வந்தது என்ற பதிவு), சோதனையின்போது இணைக்கப்பட்ட திரைப்பிடிப்புகள் எல்லாமே வெளியே உள்ள ஒரு வழங்கிக்கு (சர்வருக்கு) போகின்றன. கணக்கில்லாமல் ஏற்றிய அறிக்கையை, இணைப்பு கையில் கிடைத்த எவரும் திறந்து பார்க்கலாம். உண்மையான வாடிக்கையாளர்களின் பெயர்களையோ எண்களையோ சோதனைத் தரவாகப் பயன்படுத்தும் பழக்கம் உள்ள குழுக்கள் அதை நிறுத்தும் வரை இந்தச் சேவையின் பக்கமே போகக் கூடாது. வெளியிடப்படாத அம்சங்களைக் காக்க வேண்டிய இடங்களுக்கும் இது ஏற்றதல்ல. அவர்கள் கியூகம்பரின் எச்டிஎம்எல் வடிவ வெளியீட்டைப் பயன்படுத்தலாம். அது ஏறக்குறைய இதே பக்கத்தை, தேடல் பெட்டியோடு, ஒரே கோப்பாக நம் கணினியிலேயே எழுதித் தந்துவிடுகிறது. அதை அலுவலக உள்வலையில் வைத்தால் இணைப்பும் கிடைக்கும், தரவும் வெளியே போகாது.

திறமூலத் திட்டங்களுக்கும், மறைக்க ஒன்றும் இல்லாத சிறு குழுக்களுக்கும் கியூகம்பர் ரிப்போர்ட்ஸைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். குறிப்பாக, ஓர் அம்சத்தின் வேலை தொடங்கும் வாரத்தில், வெறும் விவரக்குறிப்பை மட்டும் ஏற்றி, நிரல் எழுதாத இருவருக்காவது இணைப்பை அனுப்பிக் கருத்துக் கேட்டுப் பாருங்கள். மென்பொருளின் முழு நடத்தையையும் ஆண்டுக்கணக்கில் பேணி, பதிப்புக்குப் பதிப்பு வாசகருக்குத் தர வேண்டிய குழுக்கள் அதற்கென்று தனி ஆவணத் தளத்தை அமைத்துக்கொண்டு, அன்றாடப் பகிர்வுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.