க்ளாப் வழியா, ஆர்டெட்டா வழியா, மிலான் வழியா: யுனைடெட்டுக்கு எது செட் ஆகும்?

2024-25 இங்கிலீஷ் ஃபுட்பால் பிரீமியர் லீக் சீசன் முடியும்போது மான்செஸ்டர் யுனைடெட் 38 மேட்ச்ல 42 பாயிண்ட் எடுத்து 15வது இடத்துல நின்னுச்சு. டேபிள்ல மேலருந்து தேடுனா நேரமாகும், கீழருந்து எண்ணுனா சட்டுனு கிடைச்சிரும். அந்த லட்சணத்துலயும் ஸ்பெயின்ல இருக்குற பில்பாவோல நடந்த யூரோப்பா லீக் (ஐரோப்பிய கிளப்புங்களோட ரெண்டாவது பெரிய போட்டி) ஃபைனல் வரைக்கும் போனாங்க, போயி தங்களை விட கேவலமா 17வது இடத்துல கிடந்த டாட்டன்ஹாம் கிட்ட 1-0ன்னு தோத்துட்டு வந்தாங்க. நான் ரொம்ப வருஷமா இந்த டீம் ஆளு, அதனால கீழ எழுதுறதுல கொஞ்சம் வயித்தெரிச்சல் கலந்திருக்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

இந்த டீமை எப்படித் தூக்கி நிறுத்துறதுன்னு கேட்டா எங்க ஆளுங்க மூணு கட்சியா பிரிஞ்சு நிக்கிறோம். லிவர்பூலுக்கு கோச் க்ளாப் கிடைச்ச மாதிரி ஒரு ஆளு வேணும்னு ஒரு கட்சி. ஆர்சனல் தன்னோட கோச் ஆர்டெட்டாவுக்கு டைம் குடுத்த மாதிரி குடுங்கப்பான்னு ஒரு கட்சி. இத்தாலியோட ஏசி மிலான் மாதிரி செலவைக் குறைச்சு, பேர் தெரியாத பசங்களைப் பொறுக்கி எடுத்து ஜெயிக்கலாம்னு மூணாவது கட்சி. மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்துடலாம்.

அதுக்கு முன்னாடி நாங்க பண்ண கூத்தை சுருக்கமா சொல்லிடுறேன். 2013ல எங்க பழைய கோச் ஃபெர்குசன் போனதுக்கப்புறம் மோயஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷர், டென் ஹாக், அமோரிம்னு ஆளாளுக்கு ஒரு ஸ்டைல், ஒவ்வொருத்தரும் கேட்ட ப்ளேயரை வாங்கித் தர்றது, ரெண்டு வருஷத்துல அவரைத் துரத்துறது, அடுத்து வர்றவருக்கு அந்த ப்ளேயர் ஆகாது. 2016ல 89 மில்லியன் பவுண்டுக்கு வாங்குன போக்பா 2022ல சும்மா கிளம்பிப் போனாரு. காயத்தோடவே காலம் தள்ளிட்டு இருந்த ஃபில் ஜோன்ஸுக்கு 2019ல, 2023 வரைக்கும்னு புது கான்ட்ராக்ட் போட்டாங்க. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

மொதல்ல லிவர்பூல். இந்தக் கதையை நாம எல்லாரும் தப்பா ஞாபகம் வெச்சிருக்கோம்: க்ளாப் வந்தாரு, எல்லாரையும் கட்டிப்பிடிச்சாரு, கப்பு வந்துருச்சு. அப்படியெல்லாம் இல்ல. 2015 அக்டோபர்ல வந்தாரு, அந்த சீசன் 8வது இடம். அந்த டிசம்பர்ல வெஸ்ட் பிராம் கூட, தங்களோட சொந்த மைதானம் ஆன்ஃபீல்டுல கடைசி நேரத்துல ஒரிகி கோல் போட்டு 2-2 ஆச்சு, உடனே க்ளாப் டீமையே கைகோத்து நிக்க வெச்சு ரசிகருங்க முன்னாடி கூட்டிட்டுப் போனாரு. ட்ராவுக்கு இவ்ளோ சீனான்னு ஊரே சிரிச்சுது, நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன், இப்ப நெனச்சா எனக்கே கடுப்பா இருக்கு. மூணு ஃபைனல் தோத்து, 2019லதான் மொத கப்பே, அது சாம்பியன்ஸ் லீக். அடுத்த வருஷம் 99 பாயிண்டோட லீக், 30 வருஷம் கழிச்சு.

ஆனா எனக்கு அதுல பெருசாத் தெரியிறது வேற ஒண்ணு. 2014ல இதே கிளப் சுவாரஸை பார்சிலோனாவுக்கு நல்ல விலைக்கு வித்துச்சு, வந்த காசுல பலோட்டெல்லி உட்பட ஒரு கூட்டத்தையே வாங்குச்சு, பலோட்டெல்லி லீக்ல போட்டது ஒரே ஒரு கோல். 2018ல அதே பார்சிலோனாவுக்கு கூட்டினோவை 142 மில்லியன் பவுண்டு வரைக்கும் போகும்னு சொன்ன டீல்ல வித்தாங்க. இந்தத் தடவை அந்தக் காசுக்கு ஈடா வந்தது வான் டைக்கும் அலிசனும். அதே கடை, அதே கஸ்டமர், அதே மாதிரி சரக்கு. ஒண்ணுல காசு கரைஞ்சுது, இன்னொண்ணுல டீமே மாறிடுச்சு. நடுவுல என்ன ஆச்சுன்னா, 2014ல ஆளு வாங்குற கமிட்டி ஒரு பக்கம் இழுத்துச்சு, கோச் ஒரு பக்கம் இழுத்தாரு. 2016 கடைசில மைக்கேல் எட்வர்ட்ஸ் ஸ்போர்ட்டிங் டைரக்டர், அதாவது ஆளு வாங்குறதுக்குப் பொறுப்பாளி ஆனாரு, டேட்டா பக்கம் இயன் கிரஹாம்னு ஃபிசிக்ஸ்ல டாக்டரேட் பண்ணவரு உக்காந்திருந்தாரு. சாலாவை வாங்குன விஷயத்துல க்ளாப் மனசுல இருந்தது ஜூலியன் பிராண்ட், செல்சியில சோபிக்காம போன சாலாவை எடுங்க எடுங்கன்னு காதுலயே ஓதுனது எட்வர்ட்ஸ் கூட்டம்தான், இதை க்ளாப்பே ஒத்துக்கிட்டாரு. சாலா மொத சீசன்லயே லீக்ல 32 கோல். க்ளாப் பெரிய ஆளுதான், இல்லன்னு யாரு சொன்னா, ஆனா அந்த க்ளாப்பையே மடக்கிப் பேசுற தைரியம் இருந்த ஒரு ஆளு பக்கத்து ரூம்ல இருந்தாரு பாருங்க, அதுதான் எங்ககிட்ட இல்லாதது.

அப்ப அதையே நாமளும் பண்ணலாமேன்னா, முடியாது. விக்கிறதுக்கு ஒரு கூட்டினோ வேணும். அந்த 15வது இடத்து டீம்ல 142 மில்லியன் குடுத்து எவன் யாரை வாங்குவான்? எங்க பெரிய ப்ளேயர் ப்ரூனோ ஃபெர்னாண்டஸுக்கு அப்பவே வயசு முப்பது.

அடுத்தது ஆர்சனல். இதைத்தான் கொஞ்சம் நிதானமா பார்க்கணும், ஏன்னா நோய் ஒரே நோய். 22 வருஷம் ஒரே மனுஷன் கையில இருந்த கிளப், அந்த கோச் வெங்கர் 2018ல போனாரு, பின்னாடி வந்த எமெரி ஒன்றரை வருஷம்தான் தாக்குப் பிடிச்சாரு, கிழட்டு டீம், தலைக்கு மேல சம்பளம். 2019 டிசம்பர்ல ஆர்டெட்டா வந்தாரு. அதுவரைக்கும் எந்த டீமுக்கும் ஹெட் கோச்சா இருந்ததில்ல. எஃப்ஏ கப் ஜெயிச்சாரு சரி, லீக்ல ரெண்டு சீசன் தொடர்ந்து 8வது இடம். 2020 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஆர்சனல் எங்க இருந்துச்சு தெரியுமா? 15வது. ஆமா, அதே 15.

2021-22 ஆரம்பம் இன்னும் மோசம். ப்ரென்ட்ஃபோர்டுகிட்ட 2-0, செல்சிகிட்ட 2-0, மான்செஸ்டர் சிட்டிகிட்ட 5-0. மூணு மேட்ச், ஒரு கோல் கூட இல்ல, ஒன்பது வாங்கியாச்சு, டேபிள்ல கடைசி இடம். எங்க ஓனருங்களா இருந்தா அன்னிக்கு ராத்திரியே செட்டில்மென்ட் பேச உக்காந்திருப்பாங்க. அவங்க அசையல. அந்த வருஷம் ஆன்ஃபீல்டு போறதுக்கு முன்னாடி ப்ராக்டிஸ்ல பெரிய ஸ்பீக்கர் வெச்சு லிவர்பூல் ரசிகருங்க பாட்டை அலற விட்டாரு ஆர்டெட்டா, பசங்களுக்கு சத்தம் பழகணுமாம். போயி 4-0 வாங்கிட்டு வந்தாங்க. சிரிப்புதான். ஆனா அதுக்கப்புறம் கணக்கு பாருங்க: அந்த சீசன் 5வது, அடுத்த மூணு சீசன் வரிசையா 2வது.

இந்த மாற்றத்துக்கு டைம் குடுத்ததுதான் காரணம்னு சொல்றவங்க பாதிதான் சொல்றாங்க. டைம் மட்டும் போதும்னா சோல்ஷருக்கும் மூணு வருஷம் குடுத்தோமே. ஆர்சனல் பண்ணது, மொதல்ல வீட்டை ஒழிச்சாங்க. வாரத்துக்கு 3,50,000 பவுண்டு வாங்கிட்டு இருந்த ஓஸில் 2021 ஜனவரில போனாரு. சோக்ரட்டீஸ், முஸ்தஃபி கான்ட்ராக்டையெல்லாம் பாதிலயே கிழிச்சாங்க. வில்லியனை மூணு வருஷ கான்ட்ராக்ட்ல எடுத்துட்டு ஒரே வருஷத்துல வழியனுப்புனாங்க. ஓபமெயாங் கேப்டன், 2020 செப்டம்பர்ல தான் பெரிய கான்ட்ராக்ட் போட்டு ஊரே கொண்டாடுச்சு, லீவுக்குப் போயி லேட்டா வந்தாருன்னு 2021 டிசம்பர்ல கேப்டன் பட்டையைப் பிடுங்கி ரெண்டு மாசத்துல பார்சிலோனாவுக்கு சும்மா அனுப்பிட்டாங்க. நஷ்டம்தான், ஆனா தப்புன்னு தெரிஞ்ச அடுத்த நாளே கழட்டி விட்டாங்க. அந்த எடத்துலதான் 2021 கோடையில ஆறு பேர், ஆறு பேருமே 23 வயசுக்குள்ள. அதுல ஒருத்தர் ராம்ஸ்டேல், ரெண்டு வருஷத்துல ரெண்டு டீமோட கீழ் டிவிஷனுக்கு இறங்கின கோல்கீப்பர், இவனுக்கு இவ்ளோ காசான்னு அவங்க ரசிகருங்களே தலையில அடிச்சுக்கிட்டாங்க. நல்லா ஆடினாரு, எல்லாருக்கும் செல்லப்பிள்ளை ஆனாரு, 2023ல ரயான்னு இன்னொரு கோல்கீப்பர் வந்ததும் அவரையும் பெஞ்ச்ல உக்கார வெச்சாங்க. ஈவு இரக்கமே இல்ல.

குறை என்னன்னா, 2025 வரைக்கும் லீக் பட்டம் வரல. 2018-19ல லிவர்பூல் 97 பாயிண்ட் எடுத்து ஒரே ஒரு மேட்ச் தோத்து ரெண்டாவது வந்துச்சு, 2023-24ல ஆர்சனல் 89 எடுத்தும் ரெண்டாவது. சிட்டி இருக்குற லீக்ல எல்லாம் சரியா பண்ணாலும் கப்பு கேரன்டி இல்ல.

மிலான் கட்சிக்காரங்க இங்கதான் மாட்டுவாங்க, ஏன்னா மிலான் 2021-22ல இத்தாலியில சாம்பியன் ஆனது 86 பாயிண்ட்ல, 89 எடுத்தே ரெண்டாவது வர்ற இங்க அது பத்தாது. கதை என்னவோ சூப்பர் கதை. 2017ல ஒரு சீனாக்காரர் வாங்குனாரு, ஒரே கோடையில 200 மில்லியன் யூரோவுக்கு மேல வாரி இறைச்சாரு, அடுத்த வருஷம் கடன் கட்ட முடியாம எலியட்னு ஒரு ஃபண்ட் கிளப்பை எடுத்துக்கிச்சு. அவங்க கிளப்போட பழைய ஸ்டார் ப்ளேயர் மால்டினியை நிர்வாகத்துக்குக் கூட்டிட்டு வந்தாங்க, செலவைக் குறைச்சாங்க, தியோ, லியாவோ, பென்னாசர்னு பசங்களை எடுத்தாங்க. 2019 டிசம்பர்ல அட்டலான்டாகிட்ட 5-0 வாங்குனதும் 38 வயசு ஸ்ட்ரைக்கர் இப்ராஹிமோவிச்சைக் கூப்பிட்டு டிரெஸ்ஸிங் ரூம்ல உக்கார வெச்சாங்க. கோல்கீப்பர் டோனாரும்மா கூடுதல் சம்பளம் கேட்டாரா, அவ்ளோ முடியாது கெளம்புன்னு விட்டுட்டு அவரு எடத்துக்கு மென்யானை எடுத்தாங்க, அந்த மென்யானோடதான் கப்பு ஜெயிச்சாங்க.

இதுல எங்களுக்கு ஒரு கிளைக்கதை இருக்கு. 2020ல கோச் பியோலியைத் தூக்கிட்டு ஜெர்மன் கோச் ராங்னிக்கை மொத்தப் பொறுப்போட கொண்டு வர்றதா மிலான்ல எல்லாம் பேசி முடிச்ச மாதிரி இருந்துச்சு, லாக்டவுனுக்கு அப்புறம் பியோலி ஜெயிச்சுக்கிட்டே இருந்ததால அந்த ஐடியாவை மூட்டை கட்டிட்டாங்க. அதே ராங்னிக் 2021 கடைசில எங்ககிட்ட தற்காலிக கோச்சா வந்தாரு, நாலஞ்சு மாசத்துல பார்த்துட்டு, மேல பூச்சு பூசுனா ஆகாது, ஓபன் ஹார்ட் ஆபரேஷன் பண்ணணும்னு வெளிப்படையாவே சொன்னாரு. உண்மையைச் சொன்னவரு ஆஸ்திரியா டீமுக்குப் போயிட்டாரு, நாங்க ஆன்டனியை வாங்கப் போயிட்டோம்.

மிலான் வழி சீப்பு, ஃபாஸ்ட்டு, ஆனா நிக்கல. 2022ல கிளப் கை மாறுச்சு, 2023 ஜூன்ல மால்டினியை அனுப்பினாங்க, டோனாலியை வித்தாங்க, 2024-25ல 8வது இடம், அதனால அடுத்த சீசன் ஐரோப்பிய போட்டியே கிடையாது. ஒரு மனுஷனைச் சுத்திக் கட்டின வீடு, அவரு போனதும் ஓடு ஒழுக ஆரம்பிச்சிருச்சு (எங்க மைதானம் ஓல்டு டிராஃபோர்டு கூரை ஒழுகுறதை வெச்சு யாரும் கமென்ட் அடிக்க வேணாம், தெரியும்).

அதனால என் ஓட்டு ஆர்சனல் வழிக்கு. ஸ்டைலுக்காக இல்ல, அவங்க கார்னர் கிக்கு எடுக்குறதைப் பார்த்தா எனக்கு கொட்டாவி வரும். எங்க கையில என்ன இருந்துச்சோ அதே குப்பையோட ஆரம்பிச்சவங்க அவங்க மட்டும்தான், அதான். பயம் என்னன்னா எங்க மேலிடம். ராட்க்ளிஃப்னு ஒரு பிரிட்டிஷ் கோடீஸ்வரர் 2024ல 27.7 சதவீதம் பங்கு வாங்கிட்டு உள்ள வந்தாரு, டென் ஹாக்குக்கு கான்ட்ராக்டை நீட்டிட்டு அக்டோபர்லயே அனுப்பினாங்க, ஆஷ்வர்த்தை ஸ்போர்ட்டிங் டைரக்டரா அவ்ளோ போராடிக் கூட்டிட்டு வந்து அஞ்சு மாசத்துல கழட்டி விட்டாங்க, இந்த ரெண்டு கூத்துக்கு மட்டும் 14.5 மில்லியன் பவுண்டு செலவு. மூணு மேட்ச் வரிசையா கோல் இல்லாம தோத்தா இவங்க கை சும்மா இருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்ல.

ஆனா ஒண்ணு சொல்லணும். 2025 கோடையில ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, கர்னாச்சோ, ஆன்டனி, மலாசியா எல்லாரையும் ஒதுக்கித் தனியா ப்ராக்டிஸ் பண்ண விட்டாங்க. ராஷ்ஃபோர்ட் லோன்ல பார்சிலோனா, கர்னாச்சோ செல்சி, 95 மில்லியன் யூரோ குடுத்து வாங்குன ஆன்டனி ஏறக்குறைய கால் விலைக்கு ஸ்பெயின் டீம் பெட்டிஸ். ஊரே கைகொட்டி சிரிச்சுது. நான் சிரிக்கல. பழைய யுனைடெட்டா இருந்தா, ஃபில் ஜோன்ஸுக்குப் பண்ண மாதிரி ஆன்டனிக்கும் இன்னும் ரெண்டு வருஷம் கான்ட்ராக்டை நீட்டியிருக்கும்.