லோக்கல்ஹோஸ்ட் பட்டனை அழுத்தினால் 502: காசு கொடுத்து வாங்கிய பிரவுசர் சர்வர்

ஏஐ கோடிங் உதவியாளருக்கு பிரவுசரை இயக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று கிளம்பியதில் வந்த வினை இது. எழுதிய படிவத்தை அதுவே திறந்து, நிரப்பி, சரியா என்று பார்த்துச் சொன்னால் பாதி வேலை மிச்சம். அதற்கென்றே எம்சிபி சர்வர்கள், அதாவது ஏஐ உதவியாளரை வெளிக் கருவிகளோடு இணைத்துவிடும் சிறு நிரல்கள், இருக்கின்றன. நான் தேடியபோது முதலில் கண்ணில் பட்டது மாதச் சந்தா கேட்கும் ஒரு சேவை. 'ஒரே நிமிடத்தில் இணைப்பு' என்றார்கள். அவசரத்தில் இருந்தேன், கட்டிவிட்டேன்.

அவர்கள் கொடுத்த ஜேசன் துண்டை செட்டிங்கில் ஒட்டியதோடு முடியவில்லை. புதிய ஃபோல்டர் ஒன்றைக் காட்டி, 9222 போர்ட்டைத் திறந்து குரோமை ஓட்டச் சொன்னார்கள். வேறு நிரல்கள் பிரவுசரை இயக்க நுழையும் டீபக் வாசல் அது. அப்புறம், 'அன்றாடம் பயன்படுத்தும் கணக்குகளில் எல்லாம் அதில் ஒருமுறை லாகின் செய்துவிடுங்கள்' என்றார்கள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வழக்கமான புரொஃபைலில் இந்த டீபக் போர்ட்டைத் திறக்க குரோம் 136-லிருந்து கூகுள் விடுவதில்லை. லாகினை நினைவில் வைத்திருக்கும் குக்கீயைத் திருடுபவர்கள் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தார்கள் என்பதே காரணம். கூகுள் பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு வைத்து, சாவியையும் என் கையாலேயே வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் ஓடியது. ஒருநாள் என் கணினியிலேயே ஓடும் சோதனைப் பக்கத்தில் 'சேமி' பட்டனை அழுத்தச் சொன்னேன். உதவியாளர் திருப்பித் தந்த பிழை: 502. நடுவில் நிற்கும் கேட்வே சர்வருக்கு, பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்று அர்த்தம். என் ஆப் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. லோக்கல்ஹோஸ்டில் இருக்கும் பட்டனை அழுத்துவதற்கு நடுவில் எந்த கேட்வே வந்தது?

நிரல்களை இறக்கித் தரும் என்பிஎம், அவர்களுடையதாக இறக்கி வைத்திருந்த பேக்கேஜைத் திறந்து பார்த்தேன். நூறு வரிகூட இல்லை. 9222-க்கு ஒரு டனல் போட்டு, ஒவ்வொரு கட்டளையையும் அவர்களுடைய சர்வருக்கு அனுப்பி, பதிலை வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். கருவிகளின் பெயர்களோ பிரவுசர்_நேவிகேட், பிரவுசர்_கிளிக், பிரவுசர்_ஸ்னாப்ஷாட். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிளேரைட் எம்சிபியில் இருக்கும் அதே பெயர்கள்!

காசு போனதைவிட ஸ்னாப்ஷாட்தான் என்னை அரித்தது. பேர்தான் ஸ்னாப்ஷாட், அது படம் அல்ல. பக்கத்தில் இருக்கும் தலைப்பு, இணைப்பு, பட்டன், பெட்டிக்குள் தட்டிய எழுத்து எல்லாம் உரையாக வரும். மெயில் பக்கம் திறந்திருந்தால், யார் என்ன தலைப்பில் எழுதினார்கள் என்பது வரிசையாக வரும். இரண்டு வாரமாக அதெல்லாம் வெளியே போயிருக்கிறது. கட்டணத்திலும் கைவரிசை: பிளேரைட்டில் ஒரு கிளிக் செய்தாலே கூடவே ஸ்னாப்ஷாட்டும் வந்துவிடும். இவர்கள் அதை இரண்டு அழைப்பாக எண்ணி, மாத ஒதுக்கீட்டை ஒன்பதே நாளில் தீர்த்துவிட்டு 'கூடுதல் பயன்பாடு' என்று பில் போட்டார்கள்.

கேட்டதற்கு, 'சேவையை மேம்படுத்தத் தரவைக் கையாளலாம் என்று நீங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்' என்று பதில். சந்தாவை ரத்து செய்ய பட்டனே இல்லை. கார்டை முடக்கித்தான் வெளியே வந்தேன். கடவுச்சொல்லை மாற்றியதோடு விடாமல், ஒவ்வொரு கணக்கிலும் 'எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறு' கொடுத்தேன். குக்கீ வெளியே போயிருந்தால் பழைய லாகினை வெட்டுவதுதான் முக்கியம்.

இப்போது பிளேரைட் எம்சிபியையே நேரடியாக வைத்திருக்கிறேன். செட்டிங்கில் நாலைந்து வரிதான். அதுவும் சும்மா விட்டால் புரொஃபைலைச் சேமித்து வைத்துக்கொள்ளும், அதனால் எதையும் சேமிக்காத ஐசோலேட்டட் ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டுகிறேன். 'லேட்டஸ்ட்' என்று விடாமல் பதிப்பு எண்ணைக் குறித்துவிட்டேன். சோதனைக் கணக்கைத் தவிர எதிலும் லாகின் இல்லை. 'இது பாதுகாப்பு அரண் அல்ல' என்று அதன் குறிப்பிலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். திறக்கும் பக்கத்திலேயே உதவியாளரை ஏமாற்றும் வரிகள் ஒளிந்திருக்கலாம் என்பதால், எதையும் கேட்காமல் செய்யும் அனுமதியையும் எடுத்துவிட்டேன்.

அந்தச் சேவையிலிருந்து இன்னமும் மெயில் வருகிறது. 'உங்கள் பிரவுசர் இணைப்பில் இல்லை. 9222-ஐ மறுபடி திறக்கவும்.'