திடீரென்று முளைத்த எஃப் டிரைவ்: ரெகவரி பார்ட்டிஷனோடு சில வருட அனுபவம்

விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு 2018 ஏப்ரல் 30 அன்று வெளிவந்தது. அதை நிறுவிய பிறகு பலருடைய கணினியில் நடந்ததுதான் என் மடிக்கணினியிலும் நடந்தது. 'திஸ் பிசி'யைத் திறந்தால் அதுவரை இல்லாத ஒரு எஃப் டிரைவ். 500 எம்பிகூட இருக்காது, அதுவும் கிட்டத்தட்ட நிரம்பிச் சிவப்புக் கோட்டோடு நின்றது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'லோ டிஸ்க் ஸ்பேஸ்' அறிவிப்பு வேறு. உள்ளே போனால் ஒரு ஃபைலும் கண்ணில் படாது. யாருக்கும் முதலில் வைரஸ் சந்தேகம்தான் வரும்.

அது வைரஸ் இல்லை, ரெகவரி பார்ட்டிஷன், அதாவது பழுதுபார்ப்பதற்காக டிஸ்க்கில் தனியாகப் பிரித்து வைத்த பகுதி. விண்டோஸ் கிளம்ப மறுக்கும்போது நீலத்திரையில் வரும் பழுதுபார்க்கும் வசதி அங்கிருந்துதான் ஓடுகிறது. ஃபைல்கள் மறைக்கப்பட்டிருப்பதால் டிரைவ் காலியாகத் தெரிகிறது. பெரிய பதிப்பு மாற்றத்தின்போது பழைய ரெகவரி பார்ட்டிஷனில் இடம் போதாவிட்டால், சி டிரைவின் கடைசியில் கொஞ்சம் இடம் எடுத்துப் புதிதாக ஒன்றை விண்டோஸே உருவாக்கிக்கொள்ளும். இதில் தவறு எதுவும் இல்லை. அதற்கு 'எஃப்' என்ற டிரைவ் எழுத்து ஒட்டிக்கொண்டதுதான் தொல்லை. எழுத்து வந்துவிட்டால் அதையும் சாதாரண டிரைவாக நினைத்து, இடம் இல்லை என்று விண்டோஸ் எச்சரிக்கத் தொடங்குகிறது.

ஃபார்மட் செய்துவிடு, அழித்துவிடு என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். எழுத்தை மட்டும் எடுத்தால் போதும். கதவிலிருந்து எண் பலகையைக் கழற்றுவது மாதிரி. வீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

டிரைவ்களைக் கையாள விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்தப் பார்ட்டிஷனுக்கு எழுத்தை மாற்றும் வசதி வராது. அதனால் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பார்ட்டிஷன்களைக் கையாளும் 'டிஸ்க்பார்ட்' கட்டளையைக் கொடுத்தேன். 'லிஸ்ட் வால்யூம்' என்றதும் எல்லா டிரைவும் எழுத்தோடும் அளவோடும் வரிசையாக வரும். இங்கே அவசரம் கூடாது. எழுத்தும் அளவும் இரண்டுமே பொருந்துகிற வரியைப் பார்த்து, அந்த எண்ணை 'செலக்ட் வால்யூம்' என்பதோடு கொடுக்க வேண்டும். அப்புறம் 'ரிமூவ் லெட்டர்' என்று போட்டு, சமக்குறியும் டிரைவ் எழுத்தும். அவ்வளவுதான். எஃப் டிரைவ் உடனே மறைந்தது, அறிவிப்பும் நின்றது. மறுதொடக்கம் செய்தும் திரும்பவில்லை. பின்னால் வந்த பதிப்பு மாற்றங்களிலும் அந்த எழுத்து வரவேயில்லை.

ரெகவரி வசதி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 'ரீஏஜென்ட்சி' கட்டளையை 'இன்ஃபோ' என்ற தெரிவோடு கொடுங்கள். 'எனேபிள்டு' என்று வரவேண்டும். எந்தப் பார்ட்டிஷன் பயன்பாட்டில் உள்ளது என்பதும் அதிலேயே இருக்கும். என் டிஸ்க்கில் ரெகவரி பார்ட்டிஷன் இரண்டு: முன்பக்கம் பழையது, சி-க்குப் பின்னால் புதியது. வேலை செய்வது பின்னால் இருப்பது.

அழிக்காமல் விட்டதன் அருமை 2024 ஜனவரி 9 அன்று வந்த கேபி5034441 அப்டேட்டில் தெரிந்தது. ரெகவரி வசதியில் இருந்த ஒரு பாதுகாப்புக் குறையைச் சரிசெய்வது அது. அதற்கு ரெகவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் வேண்டும். இல்லாவிட்டால் 80070643 என்று முடியும் பிழை எண் வரும். எனக்கும் வந்தது. ரெகவரியைத் தற்காலிகமாக நிறுத்தி, சி-யில் 250 எம்பி சுருக்கி, பின்னால் இருந்த பார்ட்டிஷனை அந்த இடத்தையும் சேர்த்துப் பெரிதாக உருவாக்கி, மறுபடி இயக்கினேன். அப்டேட் ஏறியது. இந்த வேலைக்கு முன் பேக்கப் கட்டாயம். டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதி இருந்தால் அதன் ரெகவரி கீயையும் வேறிடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கப் பழைய பார்ட்டிஷனை இன்னும் தொடவில்லை. அதை அழித்தாலும் அந்த இடத்தைச் சி-யோடு சேர்க்க முடியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட் ஒரு டிரைவை அதன் வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலி இடத்துக்குள் மட்டுமே நீட்டும்.