மானிட்டர் கலிபிரேஷன் செய்து தருவதாக வருகிறார்கள் – சுங்கை சிப்புட் நண்பர்கள் கவனம்

சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் படம் எடுப்பவர்கள், வீட்டில் உட்கார்ந்து படம் திருத்துபவர்கள் எல்லாரும் இதைப் படியுங்கள். வீட்டுக்கே வந்து மானிட்டர் நிறத்தைச் சரிசெய்து தருகிறேன் என்று ஒருவர் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார். கூலி 250 ரிங்கிட். என்னிடமும் வாங்கினார். செய்தது சுத்த ஏமாற்று வேலை.

அவர் கொண்டுவந்த கருவி போலி இல்லை. திரையின் நிறத்தை அளக்கும் எக்ஸ்-ரைட் கருவிதான். மானிட்டரைப் போட்டதும் அதைத் திரைமேல் தொங்கவிட்டார். அதன் கண்ணுக்கு மேல் வெள்ளையாக ஒரு மூடி இருக்கும். அறை வெளிச்சத்தை அளப்பதற்குத்தான் அந்த மூடி. திரையை அளக்கும்போது பின்னுக்குத் திருப்பிவிட வேண்டும். இவர் திருப்பவே இல்லை. கருவியின் வயர் என் கணினியிலும் இல்லை, அவர் மடிக்கணினியிலும் இல்லை, மேசை விளிம்பில் சும்மா தொங்கியது. பென் டிரைவிலிருந்து ஒரு கோப்பை என் கணினியில் ஏற்றினார். “முடிஞ்சிருச்சுண்ணே, இனி கலர் பக்கா” என்றார். மானிட்டர் ஓரத்தில் தேதி போட்டு ஒரு பொன்னிற ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுக் கிளம்பினார்.

அதே திரையில்தான் அக்கா மகள் கல்யாணப் படங்களைத் திருத்தினேன். குடும்பத்துக்கு நான் கொடுக்கும் பரிசு அந்த ஆல்பம். ஈப்போவில் பிரிண்ட் போட்டு வந்ததைப் பிரித்தால், அரக்குக் கூரைப்புடவை கத்திரிப்பூ நிறத்தில் கிடக்கிறது. தாலிக்கயிற்று மஞ்சளில் பச்சை படர்ந்திருக்கிறது. பிள்ளையின் முகம் சோகை பிடித்த மாதிரி. எல்லாப் பக்கமும் இருட்டு. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

ஈப்போவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் தம் கருவியைக் கொண்டுவந்து முறையாக அளந்தார். வெள்ளை நிறம் 6500 கெல்வினில் இருக்க வேண்டும். என் திரை 5400-க்குப் பக்கத்தில் நின்றது; இந்த எண் குறைந்தால் திரை மஞ்சளடிக்கும். பிரகாசம் 120 கேண்டலா போதும் என்கிற இடத்தில் 280-ஐத் தாண்டியிருந்தது. திரை மஞ்சளடித்ததால் அதைச் சரிக்கட்ட நான் படத்தில் நீலத்தை ஏற்றியிருக்கிறேன்; திரை கண்ணைக் கூசியதால் வெளிச்சத்தைக் குறைத்திருக்கிறேன். பிரிண்டில் வந்தது அந்த இரண்டும்தான். கடைக்காரர்மேல் ஒரு குற்றமும் இல்லை. விண்டோஸில் ‘கலர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தைத் திறந்தபோது மீதியும் வெளுத்தது: அவர் பென் டிரைவிலிருந்து ஏற்றியது ஐசிசி கோப்பு, அதாவது ஒரு திரை நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு; அதன் பெயரில் என் மானிட்டர் மாடலே இல்லை. ஏதோ ஒரு மடிக்கணினிக்குச் செய்தது. ஒரே மாடலில் இரண்டு மானிட்டர் வாங்கினாலே நிறம் அச்சாக ஒத்துப்போகாது. இதில் வேறு மெஷினின் கோப்பை ஏற்றுவது என்ன நியாயம்?

முறையான வேலை எப்படி நடக்கும் என்று நண்பர் செய்ததை வைத்துச் சொல்கிறேன். முதலில் மானிட்டரை அரை மணி நேரம் எரியவிட்டார். இரவில் திரையை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ போன்றவற்றை அணைத்தார். சன்னல் வெயில் திரையில் விழாமல் திரைச்சீலையை இழுத்துவிட்டார். கருவி திரையோடு படிந்து உட்கார்ந்ததும் சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் எனக் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டே இருந்தன. முடிந்ததும் மறுபடி அளந்து, டெல்டா ஈ என்கிற பிழை அளவுடன் அறிக்கையைக் காட்டினார். கட்டங்களே வராமல் “முடிஞ்சது” என்று யாராவது சொன்னால், காசைக் கையில் கொடுக்காதீர்கள். கருவியை இரவல் வாங்க முடிந்தால் டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருளை வைத்து நாமே செய்துகொள்ளலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “பிரிண்ட் கடைக்காரன் கெடுத்ததுக்கு நான் என்னண்ணே பண்றது?” என்றார். அளவுகளைப் படம் பிடித்து அனுப்பியதும் என்னைத் தடை செய்துவிட்டார்.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட்தான், வக்கீல் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். அதே பொன்னிற ஸ்டிக்கர் உங்கள் மானிட்டரிலும் இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். ரசீது, புலன உரையாடல், கலர் மேனேஜ்மென்ட் பக்கத்தின் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, மூன்று வருடம் தாண்டுவதற்குள் நீங்களும் ஒரு மனு கொடுங்கள்.