ஆறு வருடம் பாத்ரூமில் ஃபிலிம் கழுவியதில்: கறை பிடித்த டாங்கியும் பளிச்சென்ற புனலும்

ஆறு வருடமாக வீட்டு பாத்ரூமில்தான் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுகிறேன். ஒரு பிளாஸ்டிக் டாங்கி, அதற்குள் ஃபிலிமைச் சுற்றி வைக்கிற இரண்டு ரீல், மூன்று அளவு ஜாடி, ஒரு தெர்மாமீட்டர், புனல்கள். எதுவும் வாங்கியபோது இருந்த நிறத்தில் இல்லை. வெள்ளை ரீல் வெற்றிலை போடுகிறவர் பல் மாதிரி ஆகிவிட்டது, ஃபிலிமில் படத்தை வரவழைக்கிற மருந்தான டெவலப்பரின் ஜாடி அடியில் டீக்கடை கிளாஸில் இருப்பது போல ஒரு பழுப்பு வளையம். பார்க்கிறவர்கள் எல்லாரும் "இதிலா கழுவுறீங்க?" என்று முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இது.

அந்தப் பழுப்பு பெரும்பாலும் டெவலப்பரில் இருக்கிற ஹைட்ரோகுவினோன் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்ததால் வருவது. டி-76 மாதிரியான டெவலப்பரில் லிட்டருக்கு 5 கிராம் ஹைட்ரோகுவினோன் என்றால் 100 கிராம் சோடியம் சல்பைட் போடுகிறார்கள், அது கெட்டுப்போகாமல் காக்கும் வேலையையும் சேர்த்துத்தான் செய்கிறது. பாட்டிலுக்குள் அது காக்கும். ஜாடியின் ஓரத்தில் காய்ந்துபோன ஒரு சொட்டை யார் காப்பது? பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிட்ட கறை எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, நான் தேய்ப்பதையும் விட்டுவிட்டேன். அது ஃபிலிமை ஒன்றும் செய்வதில்லை, ஆறு வருட நெகட்டிவ்கள் சாட்சி. சட்டையில் தெறித்தால் மட்டும் கதை வேறு. தெறித்தபோது தண்ணீர் மாதிரிதான் இருக்கும், துவைத்துக் காயப்போட்ட பிறகு பழுப்பாக எழும்பி வரும். இரண்டு வெள்ளை வேட்டி அப்படிப் போனது.

என் ரோலைக் கெடுத்தது பளிச்சென்று இருந்த புனல்.

இரண்டாவது வருடம். அக்கா மகளுக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து, எடுத்தது ஒரே ரோல். அப்போது டெவலப்பரைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றி வைத்துப் பயன்படுத்துவேன், வந்த படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போவுக்கும் அதற்கும் ஒரே புனல். அலசினேன் என்றுதான் நினைத்தேன், கழுத்துப் பகுதியில் கொஞ்சம் ஹைப்போ தங்கியிருக்க வேண்டும், ரோல் ரோலாக அது டெவலப்பர் பாட்டிலுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் இளஞ்சிவப்பாக ஒரு மூட்டம், சாய்த்துப் பார்த்தால் அதே இடத்தில் பச்சைப் பளபளப்பு. டைக்ரோயிக் ஃபாக் என்பது இதுதான். ஹைப்போ கரைத்து விடும் வெள்ளியை டெவலப்பர் மிக நுண்ணிய துகளாக ஃபிலிம் முழுக்கப் படிய வைத்துவிடுகிறது. மாமன் மடியில் குழந்தை அழுகிற படம் மூட்டத்துக்குள் போய்விட்டது. அக்கா இன்றைக்கும் கேட்கிறாள், நானும் "தேடுறேன்க்கா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து ஹைப்போ தொடுகிற எல்லாவற்றிலும் சிவப்பு டேப். டெவலப்பரில் கொஞ்சம் ஸ்டாப் பாத்தோ (டெவலப்பரின் வேலையை நிறுத்துகிற அமிலம்) ஹைப்போவோ கலந்தால் ஆபத்து, ஹைப்போவில் கொஞ்சம் டெவலப்பர் போனால் அவ்வளவு மோசமில்லை, அதனால் கழுவும்போதும் டெவலப்பர் சாமான்தான் முதலில். அப்புறம் ரோடினல் வகை டெவலப்பருக்கே மாறிவிட்டேன். 1891 முதல் இருக்கிற சூத்திரம், பாட்டிலுக்குள் கருங்காப்பி நிறத்துக்கு வந்த பிறகும் வேலை செய்கிறது. மெடிக்கல் ஷாப் சிரிஞ்சில் 6 மில்லி எடுத்து 300 மில்லி தண்ணீரில் கலக்கிறேன், ஒரு ரோல் முடிந்ததும் கொட்டிவிடுகிறேன். திரும்பப் பாட்டிலுக்குப் போவதே இல்லை என்பதால் அந்தக் கவலையும் இல்லை.

அடுத்த எதிரி வெட்டிங் ஏஜென்ட். கடைசியில் நீர்த்துளி தங்காமல் இருக்க ஊற்றுவோமே, அதை ரீலோடு சேர்த்து முக்கி எடுப்பது என் வழக்கமாக இருந்தது. நாளாக ஆக ரீலின் பள்ளங்களில் மெல்லிய பிசுக்கு ஏறிவிட்டது, கண்ணுக்குத் தெரியாது. ஃபிலிமைப் பிடித்துத் தள்ளும் சின்ன இரும்புக் குண்டுகள் அதில் ஒட்டிக்கொண்டு, பாதி ஃபிலிம் ஏறியதும் சிக்கும். இருட்டில், மே மாத வியர்வைக் கையோடு நாற்பது நிமிடம் மல்லுக்கட்டியது உண்டு. இப்போது ஃபிலிமை ரீலிலிருந்து கழற்றித் தனிக் கிண்ணத்தில் முக்குகிறேன். ரீலுக்குச் சுடுதண்ணீரும் பழைய டூத்பிரஷும் போதும்.

சிலர் கறை என்று நினைத்துப் பயப்படுகிற இன்னொன்று, சில ரோல்களை முதலில் தண்ணீரில் ஊறவைத்துக் கொட்டும்போது பச்சையாகவோ நீலமாகவோ வருகிற சாயம். அது ஃபிலிமிலேயே இருப்பது, ஒளி சிதறாமல் இருக்கப் பூசியது. கொட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் போர் தண்ணி, உப்பு அதிகம், ஜாடிகளில் வெள்ளைப் படிவம் நிச்சயம். எலுமிச்சை உப்பு ஒரு ஸ்பூன் கரைத்து ஊறவைத்தால் போய்விடும். டைல்ஸ் இடுக்கில் ஏறிய பழுப்புக்கு அம்மா பிளீச்சிங் பவுடர் எடுத்து வந்தார், ஓடிப்போய்த் தடுத்தேன். ஸ்டாப் பாத் போன்ற அமிலத்தோடு அது சேர்ந்தால் குளோரின் வாயு வரும், ஜன்னல் இல்லாத பாத்ரூமில் அந்த விளையாட்டே வேண்டாம். அந்தக் கறை அப்படியே இருக்கிறது, வீட்டு ஓனர் வருகிற அன்று அதன்மேல் மிதியடி.

டாங்கியை இன்னும் மாற்றவில்லை. ரீலில் ஒன்றைப் போன மாதம் மாற்றினேன், கறைக்காக இல்லை, குண்டு ஒன்று சாக்கடைக்குள் போய்விட்டது.